பக்தபூர் பழைய நகரம்: கிளம்பும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

நேபாளத்திலுள்ள முக்திநாத் போகிற நம் ஊர்க்காரர்கள் காத்மாண்டுவில் இரண்டு நாள் தங்குவார்கள். பசுபதிநாத், புத்தநீலகண்டர், சுயம்புநாத் என்று பட்டியல் ஓடும். கடைசியில் "பக்தபூர் – 2 மணி நேரம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு போன் வரும். நான் மூன்று தடவை போயிருக்கிறேன்: ஒரு தடவை தனியாக, ஒரு தடவை அம்மாவோடும் அத்தையோடும், ஒரு தடவை அலுவலகத் தோழிகளோடு. ஒரே பதிலை வாட்ஸப்பில் குரல் பதிவாக அனுப்பி அனுப்பித் தொண்டை கட்டிவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

"பக்தபூர்னா கோயிலா, அரண்மனையா, ஊரா?"

ஊர். காத்மாண்டுவுக்குக் கிழக்கே சுமார் 13 கிலோமீட்டரில், 1400 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய தலைநகரம். அங்கே பெரும்பான்மை நேவார் மக்கள். தங்கள் மொழியில் ஊரை 'க்வப' என்பார்கள். கோயிலும் அரண்மனையும் ஊருக்குள்ளேயே, வீடுகளுக்கு நடுவில் இருக்கின்றன. நம் ஸ்ரீரங்கத்தில் வீதிகளும் கோயிலும் ஒன்றுக்குள் ஒன்றாக இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மதில் மட்டும் இல்லை.

மல்ல மன்னர்கள் காலத்தில் காத்மாண்டு பள்ளத்தாக்கு முழுவதையும் இங்கிருந்துதான் ஆண்டார்கள். 1482இல் யட்ச மல்லர் இறந்ததும் ராஜ்யம் காத்மாண்டு, பாட்டன், பக்தபூர் என்று பிரிந்தது. அப்புறம் முந்நூறு வருஷம் பங்காளிச் சண்டைதான். உன் கோயிலைவிட என் கோயில் உயரம், உன் ஜன்னலைவிட என் ஜன்னல் நுணுக்கம் என்று போட்டி போட்டுக் கட்டியதால் லாபம் நமக்கு. 1769இல் கோர்க்கா மன்னர் பிருத்வி நாராயண் ஷா பிடித்த பிறகு தலைநகரம் காத்மாண்டு ஆகிவிட்டது. பணமும் பதவியும் அங்கே போனதால் பக்தபூர் பக்கம் பெரிதாக யாரும் திரும்பவில்லை. ஊர் தப்பித்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

"பாஸ்போர்ட் இல்லை. ஆதார் கார்டு போதுமா அக்கா?"

போதாது. இந்தியர்களுக்கு விசா வேண்டாம், ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டும் ஆதார் மாதிரியான மற்ற அட்டைகள் செல்லும். எங்கள் அத்தைக்கு அப்போது 63. ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாக்காளர் அட்டை பழைய வீட்டுப் பீரோவில் இருந்தது. அதை விடிகாலை 3 மணிக்கு ஸ்கூட்டரில் போய் எடுத்துவந்தது தனிக் கதை.

"சென்னையிலிருந்து எப்படிப் போறது?"

டெல்லி போய் விமானம் மாறுவதுதான் எளிது. ரயில்தான் என்றால் சென்னை வழியாக கோரக்பூர் போகும் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அங்கிருந்து சோனௌலி எல்லை, பிறகு நேபாளப் பேருந்து. முதுகு நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும்.

ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. காத்மாண்டு விமான நிலையம் நகரின் கிழக்குப் பக்கத்தில், பக்தபூர் போகும் வழியிலேயே இருக்கிறது. விடுதிகள் நிறைந்த தமேல் பக்கம் போய் நெரிசலில் மாட்டி, மறுநாள் அதே நெரிசலில் திரும்பி வருவதற்குப் பதில், இறங்கியதும் நேராகப் பக்தபூர் போய்விடலாம். காத்மாண்டுவிலிருந்து வருவதானால் பாக்பஜாரில் பேருந்து கிடைக்கும். கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வையுங்கள். நேபாள நேரம் நம்மைவிட அவ்வளவு முந்தி ஓடுகிறது.

"ஊருக்குள்ள போக எதுக்கு டிக்கெட்? அது அவங்க தெருதானே?"

நியாயமான கேள்வி, எனக்கும் முதல் தடவை சுருக்கென்றது. பழைய நகரத்தின் நுழைவுகளில் நகராட்சியின் டிக்கெட் கூண்டுகள் இருக்கும். நான் கடைசியாகப் போனபோது இந்தியா உள்ளிட்ட தெற்காசிய (சார்க்) நாட்டவருக்கு 500 நேபாள ரூபாய். நம் காசில் 300 ரூபாய்க்குச் சற்று மேல். மற்ற வெளிநாட்டவருக்கு அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். நேபாளிகளுக்கு இல்லை.

இந்தப் பணம் நகராட்சிக்கே போகிறது. அதை வைத்துத்தான் கோயில் கூரை வேய்வது, குளம் தூர்வாருவது, தெருவுக்குச் செங்கல் பதிப்பது எல்லாம் நடக்கிறது. நடந்து பார்த்தால் காசு எங்கே போகிறது என்று காலுக்கடியிலேயே தெரியும். டிக்கெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், வழியில் கேட்பார்கள். உள்ளே தங்கப்போகிறீர்கள் என்றால் வாங்கும்போதே சொல்லி, தங்கும் நாள்களுக்கும் செல்லும்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"டூர்க்காரர் ரெண்டு மணி நேரம் தர்றார். போதாதா?"

போட்டோ எடுக்கப் போதும். ஊரைப் பார்க்கப் போதாது. பேருந்துக் கூட்டம் காலை 10 மணிக்கு மேல் வந்து மாலை 4 மணிக்குள் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் உங்களை மாதிரியே வந்த மற்றவர்களைத்தான்.

காலை 6 மணிக்குத் தௌமாதி சதுக்கத்தில் நின்று பாருங்கள். பித்தளைத் தட்டில் பூவும் குங்குமமும் அரிசியும் வைத்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். பெரிய கோயிலுக்கு மட்டும் இல்லை. மூலையில் ஒரு கல், சுவரில் ஒரு பிள்ளையார், தரையில் பதித்த ஒரு வட்டக் கல் என்று ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை குங்குமம். பைரவர் கோயில் மணி விடாமல் அடிக்கும். வயதான பெண்கள் சிவப்புக் கரை போட்ட கறுப்புப் புடவை கட்டியிருப்பார்கள்; 'ஹாக்கு பட்டாசி' என்று பெயர். முதுகில் கூடையோடு கீரைக்காரர். மூடுபனிக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்.

சாயங்காலம் இன்னொரு காட்சி. தெருவோரம் நம் சத்திரத் திண்ணை மாதிரி கூரை போட்ட மேடைகள் இருக்கும். நேபாளியில் அதற்குப் பெயர் 'பாட்டி'. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் தாத்தாக்கள். இருட்டியதும் ஆர்மோனியமும் தாளமும் வரும், பஜனை ஆரம்பிக்கும். அம்மா அங்கே ஓரமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேட்டார். மொழி ஒரு வார்த்தை புரியாது; தாளத்தை மட்டும் தொடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே என் பதில்: ஒரு ராத்திரி தங்குங்கள். முடியவே முடியாது என்றால் டூர்க்காரரிடம் பேசி, பக்தபூரை நாளின் முதல் இடமாக மாற்றச் சொல்லுங்கள்.

"உள்ளேயே தங்க ரூம் கிடைக்குமா? வசதியா இருக்குமா?"

கிடைக்கும். தௌமாதி, தத்தாத்ரேயர் சதுக்கம் பக்கமெல்லாம் சிறு விடுதிகள் உண்டு. வசதி பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வீடுகள் ஒல்லியாக, உயரமாக இருக்கும். அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது வீட்டை மேலிருந்து கீழாக வகிர்ந்து பிரிப்பது அங்கே வழக்கம். ஆளுக்கு ஒரு துண்டு. மூன்று பேர் என்றால் வீட்டு முகப்பு மூன்றில் ஒன்றாகிவிடும். அதனால் ஏணி மாதிரி செங்குத்தான மாடிப்படி, தலை இடிக்கும் நிலைவாசல். லிஃப்டை எதிர்பார்க்காதீர்கள். பெரிய பெட்டியைக் காத்மாண்டு விடுதியில் வைத்துவிட்டு ஒரு தோள்பையோடு வருவது புத்திசாலித்தனம்.

பைரவர் மணி விடிகாலையிலேயே ஆரம்பிக்கும். நமக்கு அது சுப்ரபாதம். தூக்கம் முக்கியம் என்பவர்கள் சதுக்கத்திலிருந்து இரண்டு சந்து தள்ளி அறை எடுங்கள்.

"எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்?"

மேற்கிலிருந்து கிழக்காகப் போங்கள்: தர்பார் சதுக்கம், தௌமாதி, குயவர் சதுக்கம், கடைசியில் தத்தாத்ரேயர் சதுக்கம். வரிசைப்படிதான் போகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. வழி தவறினால் நல்லது. ஏதாவது ஒரு முற்றத்தில் போய் நிற்பீர்கள்.

தர்பார் சதுக்கத்தில் 55 ஜன்னல் அரண்மனையும் பொன் வாசலும் முக்கியம். பொன் வாசல் 1750களில் கடைசி மல்ல மன்னர் ரணஜித் மல்லர் முடித்தது, செம்பில் பொன்முலாம். அதற்கு எதிரே ஒரு தூண் மேல் பூபதீந்திர மல்லர் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு சின்ன மணி. அதை அடித்தால் நாய்கள் ஊளையிடும் என்று 'நாய் குரைக்கும் மணி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

தௌமாதியில் இருக்கும் ஞாதபோலா கோயிலுக்குத் தாராளமாக நேரம் கொடுங்கள். பூபதீந்திர மல்லர் 1702இல் கட்டியது. ஐந்து அடுக்குப் பீடம், அதன்மேல் ஐந்து கூரை, சுமார் 30 மீட்டர் உயரம். பெயருக்கே 'ஐந்தடுக்கு' என்றுதான் பொருள். படியின் இருபுறமும் காவல் சிலைகள். கீழே ஜெயமல், பத்தா என்ற இரண்டு மல்யுத்த வீரர்கள்; சாதாரண மனிதனைவிடப் பத்து மடங்கு பலசாலிகள் என்பது கணக்கு. அவர்களைவிடப் பத்து மடங்கு பலம் அடுத்த படியிலுள்ள யானைகளுக்கு. பிறகு சிங்கம், அதன் மேல் யாளி மாதிரி ஒரு மிருகம், உச்சியில் பாகினி, சிங்கினி என்ற இரண்டு தேவியர். உள்ளே இருக்கும் சித்திலட்சுமியின் பலத்தை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மேல் படியில் உட்கார்ந்தால் ஊரின் ஓட்டுக் கூரை முழுக்கத் தெரியும்.

தத்தாத்ரேயர் சதுக்கம்தான் ஊரின் பழைய மையம். கோயில் ஒரே மரத்திலிருந்து கட்டியது என்பார்கள். அதன் பின்பக்கச் சந்தில், பூஜாரி மடத்துச் சுவரில் மயில் ஜன்னல் இருக்கிறது. தோகை விரித்த மயில், சுற்றிலும் குட்டி மயில்கள், எல்லாமே மரம். ரொம்பப் பெரிதாக எதிர்பார்த்துப் போனால் ஏமாறுவீர்கள். ஒரு ஆள் இரண்டு கையை விரித்தால் அடங்கிவிடும். கிட்டப் போய்ப் பாருங்கள்.

"நாங்க இந்துதானே, எல்லாக் கோயிலுக்குள்ளயும் விடுவாங்களா?"

எல்லாவற்றுக்குள்ளும் இல்லை. ஞாதபோலாவின் கருவறைக்குள் பூசாரிகளைத் தவிர யாரும் போக முடியாது. உள்ளூர்க்காரர்களே சித்திலட்சுமியைப் பார்த்ததில்லை. கதவைத் தொட்டுக் கும்பிட்டு வரவேண்டியதுதான். பக்கத்து பைரவநாதர் கோயிலில் முன்பக்கம் சின்னதாக ஒரு பைரவர் முகம் இருக்கும், வழிபாடு அங்கேயே நடந்துவிடும்.

பொன் வாசலைத் தாண்டி உள்ளே போனால் தலேஜு அம்மன் கோயில். இந்து அல்லாதவர்களை வாசலோடு நிறுத்திவிடுவார்கள், நம்மை முற்றத்துக்குள் விடுவார்கள். வாசலில் நிற்கும் காவலர் கேட்டால் சொல்லுங்கள். தோல் பொருள்களைக் கழற்றிவிட வேண்டும், கேமரா கூடாது. அப்படியே நாகபோகரியையும் பார்த்துவிடுங்கள். அரச குடும்பம் குளித்த குளம், நடுவில் படமெடுத்த நாகம்.

"சைவச் சாப்பாடு கிடைக்குமா? வெங்காயம் பூண்டு இல்லாம?"

சைவம் கிடைக்கும். வெங்காயம் பூண்டு இல்லாமல் என்றால் பருப்பும் சாதமும் உருளைக்கிழங்கும் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். கடுகெண்ணெய் வாசனையை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். நேவார் சமையலில் எருமை இறைச்சி முக்கியம், தெருவில் இறைச்சிக் கடைகளும் வெளிப்படையாக இருக்கும். முகம் சுளிக்காமல் கடந்து போவது மரியாதை. தசைன் பண்டிகை சமயத்தில் (புரட்டாசி, ஐப்பசி) பலியும் நடக்கும். பார்க்க முடியாதவர்கள் அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள்.

நமக்குப் பிடிக்கிற பண்டங்கள் நிறைய உண்டு. 'பாரா' என்பது உளுந்தை அரைத்துத் தட்டையாகக் கல்லில் வார்ப்பது. ஓட்டை போடாத, எண்ணெயில் பொரிக்காத வடை. முட்டையோ கறியோ மேலே போட்டுத் தருவார்கள் என்பதால் 'சாதா' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். 'யோமரி' அரிசி மாவில் வெல்லப்பாகு வைத்து அவித்தது, நம் பூரணக் கொழுக்கட்டைக்குத் தங்கை. 'பஜி' என்று எழுதியிருப்பதைப் பார்த்து அத்தை ஆசையாகக் கேட்டார். வந்தது வறட்டு அவல்.

தயிருக்குத் தனிக் கேள்வியே வைத்திருக்கிறேன், கடைசியில்.

"எங்கம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிட்டுப் போகலாமா?"

போகலாம். சதுக்கங்களுக்கு நடுவில் பெரிய ஏற்றம் இல்லை, பழைய ஊருக்குள் கார்களைப் பெரும்பாலும் விடுவதில்லை, உட்காரத்தான் தெருவுக்குத் தெரு பாட்டி இருக்கிறதே. செங்கல் பாவிய தெரு மழையில் வழுக்கும், அதனால் பிடிமானமுள்ள செருப்பு போடச் சொல்லுங்கள். மோட்டார் சைக்கிள் சந்துகளில் சத்தமில்லாமல் வந்து நிற்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாதபோலாவில் ஏறவேண்டாம். படி செங்குத்து, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. என் அம்மா கீழே இருக்கும் மல்யுத்த வீரர் சிலையின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எந்த மாசம் போனா நல்லது? நம்ம சித்திரைக்கு லீவு விடுவாங்க..."

அக்டோபர், நவம்பர் முதல் தரம். வானம் தெளிந்திருக்கும், மொட்டை மாடியிலிருந்தே பனிமலை தெரியும். அறுவடை நேரம் என்பதால் சதுக்கங்களில் நெல்லும் மிளகாயும் காயும்; கோயில் வாசலில் களம் அடித்திருப்பதைப் பார்க்கலாம். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி நடுங்கும், பகல் இதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை.

சித்திரைக்குப் போகிறீர்கள் என்றால் அதிர்ஷ்டசாலி. நேபாளப் புத்தாண்டும் சூரியன் மேஷத்தில் நுழையும் கணக்குதான், நம் சித்திரை ஒன்றையொட்டியே வரும். பக்தபூரில் அதற்கு பிஸ்கெட் ஜாத்ரா என்று ஒன்பது நாள் திருவிழா. பைரவரின் தேரை மேல்பக்கத்து ஊராரும் கீழ்பக்கத்து ஊராரும் எதிரெதிராக இழுப்பார்கள். யார் பக்கம் தேர் வருகிறதோ அவர்களுக்கு வெற்றி. வருஷத்தின் கடைசி நாளில் ஒரு திடலில் பிரமாண்டமான மரக்கம்பத்தை நட்டு, புத்தாண்டு அன்று சாய்ப்பார்கள். அது சாய்ந்தால்தான் புது வருஷம் பிறந்ததாகக் கணக்கு. கம்பத்தில் தொங்கும் இரண்டு நீளத் துணிகள் இரண்டு பாம்புகள்: ஒரு ராஜகுமாரியை மணந்தவர்கள் எல்லாரும் முதல் ராத்திரியே செத்துப்போக, தூங்காமல் காத்திருந்த ஒருவன் அவள் மூக்கிலிருந்து வெளிவந்த இரண்டு பாம்புகளை வெட்டினானாம்.

தேர்க் கயிற்றின் பக்கம் போகவே போகாதீர்கள். இழுபறி சண்டையாக மாறுவது உண்டு, கல் பறப்பது உண்டு, தேரின் அடியில் சிக்கி உயிர் போனதும் உண்டு. சதுக்கத்தைப் பார்த்த மாதிரி மாடி உள்ள ஒரு டீக்கடையில் மத்தியானமே இடம் பிடித்துவிடுங்கள்.

"2015 பூகம்பத்துல எல்லாம் போச்சுன்னாங்க. இப்ப இருக்கிறது புதுசா கட்டினதுதானே? அதுக்கா இவ்ளோ தூரம்?"

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் அடித்த நிலநடுக்கத்தில் பக்தபூரில் வீடுகள் சரிந்தன, நிறைய பேர் இறந்தார்கள். தர்பார் சதுக்கத்திலிருந்த வத்சலா துர்க்கையின் கற்கோயில் பீடம் மட்டும் மிஞ்ச விழுந்தது. ஞாதபோலா உச்சியில் அடிபட்டாலும் நின்றது. இது முதல் தடவையும் இல்லை. 1934 நிலநடுக்கம் இதைவிட மோசமாகச் சிதைத்தது. நீங்கள் 'பழசு' என்று பார்ப்பதில் பலவும் ஏற்கெனவே ஒரு தடவை எழுந்து நின்றவை.

இதில் ஒரு கட்டடத்தைக் காட்ட ஆசை. தர்பார் சதுக்கத்தில் ச்யாசிலின் மண்டபம் என்று எட்டு மூலை மண்டபம் இருக்கிறது. 1934இல் அடியோடு போனது. 1980களின் கடைசியில் ஜெர்மனி உதவியோடு, பழைய படங்களையும் கிடைத்த மரத்துண்டுகளையும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். உள்ளே எஃகுச் சட்டம் வைத்தார்கள், அதுவும் மறைக்காமல். பழங்கட்டடத்தில் இரும்பா என்று அப்போது பெரிய விவாதம். 2015இல் சதுக்கமே ஆடியபோது மண்டபம் அசையாமல் நின்றது. எஃகு வைத்தவர்கள் பக்கம் நான் சாய்வது அதனால் மட்டும் இல்லை. எது புதுசு என்று ஒளிக்காமல் காட்டியிருக்கிறார்கள் என்பதாலும்தான்.

2015க்குப் பிறகு ஊர் எடுத்த வழி வேறு. பல கோயில்களை ஒப்பந்தக்காரரிடம் விடாமல், அந்தந்தப் பேட்டைக்காரர்களே குழு அமைத்து, உள்ளூர்த் தச்சரையும் கல்தச்சரையும் வைத்துப் பழைய முறையிலேயே கட்டினார்கள். வத்சலா கோயில் இன்று மறுபடி நிற்கிறது. நன்றாகக் கவனித்தால் கல்லிலேயே இரண்டு நிறம் தெரியும்: கறுத்தது பழைய கல், வெளுத்தது புதியது. தெருவில் நடக்கும்போது உளிச் சத்தம் கேட்டால் எட்டிப் பாருங்கள். ஒரு பட்டறையில் நான் பார்த்தது: முன்முகம் மட்டும் மெருகு போட்ட, பின்னால் ஒடுங்கிய செங்கல்லை ஒன்றோடொன்று இழைய வைக்கிறார்கள், நடுவில் பூசிய மண் வெளியே தெரியவே தெரியாது. பக்கத்தில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், போனில் பாட்டு ஓடவிட்டுக்கொண்டு ஒரு கூரைத் தாங்கியில் தேவியின் ஒன்பதாவது கையைச் செதுக்கிக்கொண்டிருந்தான்.

வீடுகள் கதை கொஞ்சம் கலவை. உள்ளே கான்கிரீட், வெளியே செங்கல் முகப்பும் மர ஜன்னலும் என்று கட்டியவை நிறைய. நகராட்சி அப்படித்தான் கட்டச் சொல்கிறது, அதற்கு உதவித்தொகையும் தருகிறது. வேஷம்தானே என்று சிலர் சொல்வார்கள். அங்கே ராத்திரி தூங்கவேண்டியவர் அந்த வீட்டுக்காரர் என்பதால் நான் வாயைத் திறப்பதில்லை.

"கோயில் கூரைக்குக் கீழ 'அந்த மாதிரி' சிற்பம் இருக்காமே? பசங்களோட போறோம்."

இருக்கிறது, குறிப்பாக தர்பார் சதுக்கத்துப் பசுபதி கோயிலின் சாய்மரங்களில். நம் ஊர்த் தேர்களிலும் கோபுரங்களிலும் இல்லாததா? மேலே கைகாட்டி யாராவது சிரிக்காத வரை பிள்ளைகள் கவனிப்பதில்லை. கேட்டால் இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு நகருங்கள். கேட்காதவரை நாய் குரைக்கும் மணியைக் காட்டுங்கள்.

"கைடு வைக்கணுமா? பணம் எப்படி எடுத்துட்டுப் போறது?"

தர்பார் சதுக்கத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் கைடு வைத்தால் பயன் உண்டு. தொகையை முதலிலேயே பேசுங்கள். டிக்கெட் கூண்டைத் தாண்டியதும் "நான் மாணவன், காசு வேண்டாம், சும்மா சுற்றிக் காட்டுகிறேன்" என்று ஒருவர் ஒட்டிக்கொண்டால் அந்தச் சுற்று ஒரு தங்கா (துணியில் வரையும் பௌத்த ஓவியம்) கடையில் முடியும். நாங்கள் அப்படித்தான் மாட்டினோம். ஓவியம் நன்றாகத்தான் இருந்தது; ஆனால் டீ கொடுத்துக் கதவருகே ஆள் நிற்க, விலை கேட்டுவிட்டு வெளியே வருவதற்குள் அம்மாவுக்கு வியர்த்துவிட்டது. வேண்டாம் என்று சிரித்துக்கொண்டே நடந்துவிடலாம், யாரும் துரத்துவதில்லை.

1 இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய். இந்தக் கணக்கு மாறாது. நம் 100 ரூபாய் நோட்டைக் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள், ஆகவே ஒரு கட்டு எடுத்துப் போங்கள். பெரிய நோட்டுகளுக்கான விதி மாறிக்கொண்டே வந்திருக்கிறது; கிளம்பும் வாரத்தில் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய கடைகளில் யூபிஐயும் ஓடுகிறது, ஆனால் பாரா சுடும் அம்மாவிடம் அதைக் கேட்காதீர்கள். இந்தி பெரும்பாலோருக்குப் புரியும். 'ஜ்வஜலபா' என்று நேவாரியில் வணக்கம் சொன்னால் முகம் மலர்ந்து ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

"காத்மாண்டுலயே தர்பார் சதுக்கம் இருக்கே, பாட்டன்லயும் இருக்காம். ஒண்ணு பார்த்தா போதாதா?"

ஒன்றுதான் முடியும் என்றால் பக்தபூர். மற்ற இரண்டிலும் சதுக்கத்தைத் தாண்டினால் நகரம் முட்டிக்கொண்டு நிற்கும். இங்கே சதுக்கத்தைத் தாண்டினாலும் ஊர் தொடரும். உலோகச் சிற்பம் பிடிக்கும் என்பவர்கள் பாட்டனை விடவேண்டாம்.

பெருமாள் பக்தர்களுக்கு ஒரு தகவல்: பக்தபூரிலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் சாங்கு நாராயணர் மலைக்கோயில். வாசலில் கி.பி. 464ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டுத் தூண் இருக்கிறது. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமத்தை, அதாவது முக்திநாத்தை, சேவிக்கப் போகிறவர்கள் அரை நாள் இதற்கும் ஒதுக்கலாம்.

"அந்த ராஜா தயிரை ஊருக்கு எடுத்துட்டு வர முடியுமா?"

'ஜுஜு தௌ'. ஜுஜு என்றால் ராஜா, தௌ என்றால் தயிர். எருமைப்பாலைச் சுண்டக் காய்ச்சி, லேசாக இனிப்புச் சேர்த்து, மண்சட்டியில் ஊற்றி, போர்வை போர்த்தி உறைய வைப்பார்கள். மண்சட்டி நீரை உறிஞ்சிக்கொள்வதால் கரண்டியை நட்டால் நிற்கும். சட்டிகள் வருவது மேலே சொன்ன குயவர் சதுக்கத்திலிருந்து. காலையில் போனால் வெயிலில் நூற்றுக்கணக்கில் கவிழ்த்து வைத்திருப்பதையும், வைக்கோலும் சாம்பலும் மூடிப் புகையும் சூளையையும் பார்க்கலாம்.

எடுத்து வர முடியாது. விமான நிலையத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள் வைத்தால் புடவையெல்லாம் தயிர். அத்தை ஒரு பெரிய சட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, சோதனை வரிசையில் நிறுத்தப்பட்டு, அதைக் குப்பைத்தொட்டியில் போடச் சொன்னதும் மறுத்து, அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் மூன்று பேருக்கும் பங்கு வைத்தார். கரண்டி இல்லை. போர்டிங் பாஸை மடித்துத்தான் சாப்பிட்டோம்.